குளக்கட்டா, ரிவஸ்டனா, நுவரெலியாவா? பதினைந்து பேரோடு திறந்த வெளியில் கலியாணம் செய்ய வன்னிச் சோடிக்கு எது பொருந்தும்

மண்டபம் வேண்டாம், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு வேண்டாம், நெருங்கின சொந்தம் பத்துப் பதினைந்து பேர் சூழத் திறந்த வெளியில் தாலி கட்டி, நல்ல படங்கள் கொஞ்சம் இருந்தால் போதும். இப்படி முடிவெடுத்த சோடிகள் அடுத்துச் சிக்குப்படுவது இடத்தில்தான். மனம் மலைக்குப் போகும். வன்னியிலோ மலை இல்லை. ஆகவே கையில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எல்லைக்குள்ளேயே ஒரு குளக்கட்டு. இரண்டாவது, ஏ9 வீதியிலேயே நேரே போய் மாத்தளையில் திரும்பி ஏறும் ரிவஸ்டன். மூன்றாவது, நுவரெலியா, அப்புத்தளை, எல்ல என்ற உயர்ந்த மலைநாடு.

இடத்தைத் தேடுமுன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கலியாணம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேலை: எழுத்து (சட்டப்படியான பதிவு), தாலி, படம். மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சாத்திரமும் சொல்லவில்லை. மூன்றையும் ஒரே காலையில் ஒரு மலையுச்சியில் முடிக்க நினைப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் எல்லாம் குழம்புகிறது.

## எதை வைத்து அளப்பது

எழுத்து. பொதுத் திருமணச் சட்டப்படி மணமக்கள் இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவித்தல் கொடுக்குமுன் அந்தப் பதிவாளரின் பிரிவில் குறைந்தது 10 நாள் வசித்திருக்க வேண்டும். இருவரும் வேறு வேறு பிரிவென்றால் இரண்டு பதிவாளருக்கும் அறிவித்தல் போக வேண்டும். அறிவித்தல் பதிந்து 12 நாள் கழித்தே சான்றிதழ் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் எழுத்தை முடித்துவிட வேண்டும். இரண்டு சாட்சிகள் தேவை. பதிவாளருக்குத் தன் பிரிவுக்குள்தான் அதிகாரம். கிளிநொச்சிப் பதிவாளரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய் நுவரெலியாவில் கையெழுத்து வாங்க முடியாது. அலுவலகத்துக்கு வெளியே வைப்பதற்கும், காத்திருக்கும் நாட்களைத் தவிர்ப்பதற்கும் விசேட அனுமதிப்பத்திரம் இருக்கிறது; அதை மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை உடையவர் என்றால் திருமணமாகாதவர் என்ற சான்று முதலான கூடுதல் ஆவணங்கள் கேட்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் முன்பே ஓடத் தொடங்குங்கள்.

எந்த இடத்தைத் தெரிந்தாலும் எங்கள் கருத்து ஒன்றுதான்: எழுத்தை ஊரில், முந்தைய கிழமையே முடித்துவிடுங்கள். மலையில் மழை பெய்து எல்லாம் குழம்பினாலும் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. அந்த நிம்மதி படத்தில் முகத்திலேயே தெரியும்.

முகூர்த்தமும் வெளிச்சமும். முடிவைப் புரட்டிப் போடுவது இதுதான், ஆனால் பலர் யோசிப்பதில்லை. படத்துக்கு நல்ல வெளிச்சம் சூரியன் உதித்து ஒன்றரை மணித்தியாலம், மறையுமுன் ஒன்றரை மணித்தியாலம். முகூர்த்தம் பெரும்பாலும் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் விழுகிறது. எங்கள் முறைப்படி கூறையை (தாலிக்கு உடுக்கும் சேலையை) சபையில் வாங்கித்தான் பெண் உடுத்தி வருவாள். ஆகவே கூறையோடும் தாலியோடும் அன்று விடிய எடுக்கிற படம் என்ற ஒன்றே கிடையாது. மிச்சம் இருப்பது பின்னேரம் மட்டும். வன்னியில் தை, மாசிப் பின்னேரம் தெளிவாக இருக்கும். மலையில் விடியல்தான் தெளிவு. பத்து மணிக்கு மேல் மூட்டம் ஏறும், பின்னேரம் மழைக்கும் இடமுண்டு. மலைக்குப் போவதென்றால் தாலி ஒரு நாள், படம் மறுநாள் விடிய என்று இரண்டு நாளாக வைக்க வேண்டும். மறுநாள் கூறையைத் திரும்ப உடுக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதமா என்று முதலே கேளுங்கள்.

பருவம், கூட வருபவர்களின் உடம்பு, அனுமதி. இவை இடத்துக்கு இடம் மாறுவதால் கீழே அந்தந்தப் பகுதியில் வருகின்றன. பருவத்தை மட்டும் ஒரே பார்வையில் பார்ப்பது நல்லது.

| காலம் | வன்னிக் குளக்கட்டு | ரிவஸ்டன் | நுவரெலியா | எல்ல, அப்புத்தளை |
|---|---|---|---|---|
| ஜனவரி நடு – மார்ச் | குளம் நிறைவு, வயல் பச்சையும் பொன்னும். முதல் தெரிவு | பெப்ரவரியிலிருந்து நல்லது | விடியல் தெளிவு, கடுங்குளிர் | பெப்ரவரியிலிருந்து நல்லது |
| ஏப்ரல் | வெக்கை, பின்னேர இடிமழை | காலை மட்டும் | சீசன் கூட்டம், அறை விலை ஏற்றம் | காலை மட்டும் |
| மே – செப்டெம்பர் | சோளகக் (தென்மேற்குக்) காற்று, புழுதி, நீர் இறக்கம் | நிற்க முடியாத காற்று | மழை, மூட்டம் | உலர்ந்த காலம், காற்று உண்டு. மலையில் இதுவே நல்ல தெரிவு |
| ஒக்டோபர் – டிசம்பர் | மழை, வெள்ளம் | அதிக மழை | மழை, மண்சரிவு | மழை, மண்சரிவு |

மார்கழியும் ஆடியும் எப்படியும் கலியாணத்துக்கு விலக்கு. தை பிறந்ததும் வழி பிறக்கும் என்பது குளக்கட்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

## வன்னிக் குளக்கட்டு

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய மூன்றும் பெரிய நீர்ப்பரப்பு. அகன்ற கட்டு, பின்னால் வயல். வீட்டிலிருந்து பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள். தாலியைக் கோயிலில் கட்டிப் படத்தைக் குளத்தில் எடுப்பது எல்லாருக்கும் இலகு. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் தாலி என்றால் முத்தையன்கட்டு பக்கத்திலேயே. கத்தோலிக்கச் சோடிகளுக்கு மணச்சடங்கு தேவாலயத்தில்தான். வெளியிடத்தில் வைக்க ஆயரின் அனுமதி வேண்டும். ஆகவே அவர்களுக்கும் பூசை முடிந்து பின்னேரம் குளக்கட்டு என்ற ஒழுங்கு பொருந்தும்.

இரணைமடுவில் கட்டு குளத்தின் வடக்குப் பக்கம். தண்ணீர் தெற்கே விரிகிறது. தையில் சூரியன் தென்மேற்கில் இறங்குவதால் கட்டில் நிற்கும் சோடிக்குப் பின்னால் தண்ணீர் முழுக்கப் பொன்னாகும். அதே இடத்துக்கு ஆனியில் போனால் சூரியன் வடமேற்கில், வயல் பக்கம் இறங்கும். தண்ணீர் சாம்பலாகக் கிடக்கும். இணையத்தில் பார்த்த படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று கேளாமல் திகதி வைக்கக் கூடாது.

பின்னேரம் நாலரைக்குக் கட்டில் நிற்க வேண்டும். முதல் அரை மணி குடும்பப் படங்கள்: எல்லாரும் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க, முகத்துக்கு ஒரு வெள்ளைப் பலகையால் வெளிச்சம் திருப்பினால் கண் கூசாது. வெள்ளைப் பலகை இல்லாவிட்டால் ரெஜிபோம் (தெர்மக்கோல்) தகடு ஒன்று போதும். அடுத்த ஒரு மணி சோடிக்கு. கமெராவின் வெளிச்ச அளவை வேட்டியின் வெள்ளைக்கு அளந்து வையுங்கள். கூறையின் சிவப்பும் முகமும் கொஞ்சம் இருண்டு விழுந்தாலும் பிறகு தூக்கலாம். வெளிறிப் போன வேட்டிச் சரிகையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தங்க நகைக்கும் இதே கதிதான். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியதும் லென்ஸ் வேர்த்து மூடும். வந்து சேர அரை மணி முன்பே குளிரூட்டியை நிறுத்துங்கள், அல்லது கமெராவைப் பையோடு வெளியே வைத்து ஆற விடுங்கள்.

எங்கே பிழைக்கிறது? மூன்று இடத்தில். முதலாவது, தண்ணீர் ஓரம். இந்தக் குளங்களில் முதலை உண்டு. கால் நனைய நிற்கும் படம் வேண்டவே வேண்டாம். நீர் இறங்கிய காலத்தில் அலைகரைச் சேறு வெடித்துக் காய்ந்ததுபோல் தெரியும், மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருக்கும்; முழங்கால் வரை புதையும். வான்கதவு திறந்திருக்கும் நாளில் கீழ்ப்பக்கம் இறங்கவே கூடாது. இரண்டாவது, யானை. மாங்குளம் – ஒட்டுசுட்டான் பக்கங்களில் பொழுது பட்டதும் யானை வெளிக்கிடும். ஆறே காலுக்குச் சாமான் கட்டி, இருட்டுமுன் பிரதான வீதிக்கு வந்துவிட வேண்டும். மூன்றாவது, பற்றைக்காடு. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நல்ல பின்னணி தேடி ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

கட்டில் வாகனம் ஏற்றவும் படம் எடுக்கவும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அந்தப் பகுதிப் பொறியியலாளரிடம் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். படை முகாம் அருகே என்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது.

முல்லைத்தீவுக் கடற்கரையையும் சிலர் கேட்கிறார்கள். சூரியன் கடலில் உதிக்கும், ஆகவே அது விடியற்காலை இடம். பின்னேரம் வெளிச்சம் தரைப்பக்கம் போய்விடும். கரைவலை இழுக்கிற நேரத்தில் தொழிலாளர்களுக்கு இடைஞ்சல் கொடுக்காதீர்கள். நந்திக்கடல், முள்ளிவாய்க்கால் மண்ணைக் கலியாணப் படத்துக்குப் பின்னணியாக்க வேண்டாம். அங்கே தம் ஆக்களை இழந்தவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள்.

மறைந்த செலவு இங்கே குறைவு. ஆனால் ஒன்று உண்டு: ஊருக்குள் வைத்தால் பதினைந்து பேர் என்பது நாற்பதாகும். சொல்லாமல் விட்டால் மனத்தாங்கல். சின்னக் கலியாணம் என்ற எண்ணத்தையே இது கரைத்துவிடும். அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாத வீடென்றால் அடுத்த தெரிவைப் பாருங்கள்.

## ரிவஸ்டன்

மலை வேண்டும், ஆனால் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் எங்கள் முதல் பரிந்துரை இது. கிளிநொச்சியிலிருந்து மாத்தளை சுமார் 230 கிலோமீற்றர், முழுக்க ஏ9. விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டால், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்து, வவுனியாவில் தேத்தண்ணி குடித்து, ஒன்பதரை போல் மாத்தளை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பிரதான வீதியிலேயே இருப்பதால், முன்கூட்டிப் பதிந்துகொண்டால் பத்தரை மணி முகூர்த்தத்துக்கு அங்கே தாலி கட்டலாம். நெருக்கடி வேண்டாம் என்றால் முதல் நாளே போய்த் தங்குங்கள். அங்கிருந்து இறத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்கு 30 கிலோமீற்றர் அளவு. ஒடுங்கிய, வளைந்த வீதி என்பதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். பெரிய பஸ் வேண்டாம், 14 பேர் ஏறும் வான் போதும்.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடக்குப் பக்கம் இது. மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியாக 2010இல் அறிவிக்கப்பட்ட காடு. பிட்டவல பத்தனைப் புல்வெளி அகலமானது. பெரியவர்கள் மெதுவாக நடந்து போகலாம். வனத் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு உண்டு; கலியாணப் படம் எடுப்பதாக முன்பே சொல்லி அனுமதி கேளுங்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். ஓமம், கற்பூரம், பட்டாசு எதுவும் அங்கே கூடாது. தாலி கோயிலில், படம் புல்வெளியில் என்று பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ரிவஸ்டனில் படம் கெடுவது பெரும்பாலும் காற்றால். முந்தானை முகத்தில் அடிக்கும், மாலை திரும்பிக் கழுத்தைச் சுற்றும், தலைப்பாகை பறக்கும். கூறை முந்தானையின் உட்பக்கம், தோளிலும் இடுப்பிலும் இரண்டிரண்டு ஊசி. கரைக்குத் தைத்த ஃபோல் துணிக்குள் சாணுக்கு ஒன்றாகத் தூண்டில் ஈயக் குண்டு நாலு வைத்துத் தையுங்கள். பட்டு கிழியாது, கரை கீழே இருக்கும். முல்லைத்தீவில் வலைக்கடை எதிலும் வாங்கலாம். சோடியைக் காற்றுக்கு எதிரே முகம் காட்டி நிறுத்தினால் முடியும் துணியும் பின்னால் போகும், படமும் அழகு. பறக்கும் துணியைக் கூர்மையாகப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போகக் கூடாது. லைட் ஸ்டாண்ட் குடை அங்கே பாய்மரம் மாதிரி. மணல் மூட்டை கட்டினாலும் விழும். கொண்டே போகாதீர்கள்.

மழை பெய்த கிழமை என்றால் அட்டை. சாறிக்குள் நீண்ட காலுறை, அதற்கு உப்புத் தண்ணீர். இடம் சேரும் வரை சப்பாத்து. படம் எடுக்கும்போது மட்டும் செருப்பு மாற்றுங்கள். கூறையின் கீழ்க்கரையைப் பனி ஈரத்தில் இழுக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டே நடக்க வேண்டும்.

மாலைகளை வவுனியாவில் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் கொண்டுபோகலாம். அடியில் ஐஸ், அதற்கு மேல் நனைத்துப் பிழிந்த பத்திரிகைத்தாள் நாலு மடிப்பு, அதற்கு மேல் மாலை. ஐஸில் நேரே பட்ட மல்லிகை கருகி மண்ணிறமாகும்.

## நுவரெலியா, அப்புத்தளை, எல்ல

கிளிநொச்சியிலிருந்து நுவரெலியா சுமார் 330 கிலோமீற்றர், வழியில் நிற்பதோடு ஒன்பது மணித்தியாலம். எல்லவுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் கூட்டுங்கள். அதனால் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும். இந்தத் தெரிவு, சோடியும் இரண்டு மூன்று பேரும் மட்டும் போகும்போது மிக நன்றாக இருக்கும். பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போது கனக்கும். றம்பொடை வளைவுகளில் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் சத்தியெடுப்பார்கள். கண்டியில் ஒரு மணித்தியாலம் இறங்கி நிற்க இடம் வையுங்கள்.

தாலிக்கு நுவரெலியாவுக்கு அருகே சீதை அம்மன் கோயில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளிதான் பலருடைய கனவு: 2,100 மீற்றருக்கு மேல், காலை 6 மணிக்குத் திறக்கும் தேசிய பூங்கா. உலகமுடிவு என்ற மலை விளிம்புக்குப் போய்வரும் சுற்று ஏறக்குறைய 9 கிலோமீற்றர். பத்து மணிக்குள் மூட்டம் மூடிவிடுவது வழக்கம். கூறையோடு அந்த நடை ஆகாத காரியம். வாகனத் தரிப்பிடத்துக்கு அருகிலுள்ள புல்வெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள். நகை, பூ, கூறை எல்லாவற்றையும் துணிப்பையில் கொண்டுபோங்கள். கலியாணப் படத்துக்கு வனஜீவராசிகள் திணைக்களத்திடம் எழுத்தில் முன்பே கேட்க வேண்டும், ட்ரோன் நினைக்கவே வேண்டாம். மேயும் மரைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பதும் கூடாது.

அப்புத்தளையின் லிப்டன் இருக்கை இதைவிட இலகு. தம்பத்தென்னைத் தேயிலைத் தோட்டத்தினூடாக வாகனம் ஏறும். விடியலில் நாலு பக்கமும் மலை தெரியும். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் கேளாமல் அவர்களைப் படத்துக்குள் இழுக்காதீர்கள். தேயிலைக்கு நடுவே நின்றால் முகத்தின் கீழ்ப்பக்கம் பச்சை ஏறும்; வெள்ளைத் துணி ஒன்றை மார்பளவில் பிடித்துத் திருப்பினால் சரியாகும். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம் 1921இலிருந்து நிற்கிறது. இன்றைக்கும் எந்த நேரமும் ஆட்கள் நிறைந்த இடம். தண்டவாளத்தில் சோடியை நிறுத்தும் படத்தை நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம். வளைவில் ரயில் வருவது கடைசி நொடிவரை தெரியாது, கூறையோடு ஓடவும் முடியாது.

மூட்டத்துக்குள் எடுப்பதானால் கமெரா வெண்மையைப் பார்த்து ஏமாந்து இருட்டாக எடுக்கும். வெளிச்ச அளவை முக்கால் தொடக்கம் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். தானியங்கிக் குவியம் மூட்டத்தில் தடுமாறும், நெற்றிப் பொட்டிலோ நகை ஓரத்திலோ வையுங்கள். ஜனவரியில் விடியக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போகும். உதிரி பற்றரிகளை உட்சட்டைப் பையில் வைத்திருங்கள். பெண்ணுக்கு இரவிக்கைக்குள் தோல் நிறத்தில் மெல்லிய வெப்ப உடை. நடுங்கும் தோள் எந்தக் கோணத்திலும் படத்தில் தெரியும்.

மறைந்த செலவு இங்கேதான் கூடுதல். கமெராக்காரருக்கு இரண்டு அல்லது மூன்று நாள் கூலி, அவருக்கும் சாரதிக்கும் அறையும் சாப்பாடும், விடிய மூன்று மணிக்கு எழும்பும் அலங்காரக்காரருக்குத் தனிக் கட்டணம், எல்லாருக்கும் கம்பளி உடை. ஏப்ரல் சீசன் என்றால் அறை கிடைப்பதே கடினம். இதற்கு மேல் மண்சரிவு. 2025 நவம்பர்ப் புயலில் மலைநாட்டு வீதிகள் எப்படி அறுந்தன என்று எல்லாரும் கண்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த மாவட்டத்துக்கு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். அறைக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

## யாருக்கு எது

அம்மம்மா, அப்பப்பா வராமல் தாலி ஏறாது என்ற வீடு, தையிலோ மாசியிலோ முகூர்த்தம், ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும்: குளக்கட்டு. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. தை மாத இரணைமடுப் பின்னேரம் எந்த மலைக்கும் குறைந்ததல்ல.

மாசி முதல் பங்குனி வரை, பத்துப் பேருக்குள், ஊர்க்கண்ணில் படாமல் மலைக்காற்றில் படம் வேண்டும்: ரிவஸ்டன்.

ஜூலை, ஓகஸ்டில் விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுச் சோடி, கூட வருபவர்கள் நாலைந்து பேர்: எல்ல அல்லது அப்புத்தளை. ஆடி விலக்கு என்றால் ஆவணி பிறந்த பிறகு, ஓகஸ்ட் நடுவுக்கு மேல் வையுங்கள். அந்தக் காலத்தில் வன்னியில் புழுதிதான் கிடைக்கும்.

எந்த இடமானாலும் கமெராக்காரரோடு பேசும்போது முன் பதிவுக் காசைக் கொடுக்குமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை மணித்தியாலம், மழை பெய்தால் மாற்று நாள் எது, அதற்குக் கூடுதல் காசு உண்டா, எத்தனை படம் எப்போது கிடைக்கும். அவருடைய அல்பத்தில் பொறுக்கி எடுத்த முப்பது படத்தைப் பார்க்காமல், ஒரே கலியாணத்தின் முழுத் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். தாலி முடிச்சுக்கு ஒருவர், முகத்துக்கு ஒருவர் என்று இரண்டு கமெரா வேண்டும். சின்னக் கலியாணம் என்று இதைக் குறைக்காதீர்கள், அந்த நொடி ஒரு முறைதான். மெமரி காட் இரண்டு போடும் கமெராவா என்று கேளுங்கள். அன்று இரவே, தங்குமிடத்தில் சாப்பிட முன், படங்கள் இரண்டு வேறு டிஸ்கில் ஏற வேண்டும். திரும்பும்போது ஒன்று கமெராக்காரரின் பையில், மற்றது உங்கள் கையில்.